பழைய சட்டையைப் படியெடுப்பதா, அச்சு பேட்டர்ன் வாங்குவதா, அளந்து வரைவதா?

மிஷினில் நேராகத் தைக்கச் சில நாளில் கை பழகிவிடும். தனக்குத்தானே தைத்துக்கொள்ளக் கிளம்பியவர்கள் திணறுவது அதற்கு முன்னால், கத்திரியைக் கையில் எடுக்கும்போது. துணியை எந்த வடிவத்தில் வெட்டுவது? மூன்று வழி உண்டு. நன்றாகப் பொருந்தும் உடை ஒன்றைக் காகிதத்தில் படியெடுக்கலாம், அச்சிட்ட பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித வடிவம், வாங்கலாம், உடம்பை அளந்து நாமே வரையலாம். சட்டை, டாப், பைஜாமா போன்ற தளர்வான உடைகளுக்கு இந்த மூன்றில் எது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

படியெடுப்பது

கணக்கே வேண்டாம் என்பதால் எல்லோரும் முதலில் இங்கேதான் வருவார்கள். உடையை இஸ்திரி போட்டு, முன்பாகத்தைச் சரிநடுவில் மடித்து, அட்டைமேல் விரித்த பழுப்புக் காகிதத்தில் வைக்க வேண்டும். தையல் கோட்டின்மேலேயே 1 செ.மீ.க்கு ஒரு குத்தாகக் குண்டூசியை அட்டைவரை இறக்கி எடுத்தால் காகிதத்தில் புள்ளிகள் விழும். அவற்றை இணைத்து, வெளியே தையலுக்கு 1.5 செ.மீ. விட்டு வெட்டலாம். செய்தித்தாள் வேண்டாம், வெளிர்நிறத் துணியில் மை ஒட்டும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, முன்னும் பின்னும் ஒன்றுதான் என்று ஒரே காகிதத்தில் இரண்டையும் வெட்டுவது. முன்பக்க ஆம்ஹோல் (கை பொருத்தும் வளைவு) பின்பக்கத்தைவிட உள்ளே குடைந்திருக்கும். முன்பாகத்தை வைத்துப் பின்பாகத்தையும் வெட்டினால் கையை முன்னே நீட்டும்போது முதுகு இழுக்கும். பின்பாகத்தை வைத்து முன்பாகத்தை வெட்டினால் அக்குளுக்கு முன்னால் துணி மூட்டையாகச் சேரும். இரண்டாவது டார்ட், உடம்பின் வளைவுக்காகத் துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும் இடம். அது மூடித் தைக்கப்பட்டிருப்பதால் தட்டையாக வைத்துப் புள்ளி குத்தும்போது காணாமல் போய்விடும். உள்பக்கம் புரட்டி, எத்தனை செ.மீ. துணி டார்ட்டுக்குள் போயிருக்கிறது என்று அளந்து காகிதத்தில் சேர்க்க வேண்டும். பக்கவாட்டு டார்ட்டின் 3 செ.மீ.யைச் சேர்க்காமல் விட்டுவிட்டு டார்ட்டைத் தைத்தால் முன்பாகத்தின் பக்க ஓரம் பின்பாகத்தைவிட 3 செ.மீ. குட்டையாகிவிடும்.

மூன்றாவது, இருக்கிற டி-ஷர்ட்டைப் பார்த்துச் சாதாரணப் பருத்தித் துணியை வெட்டுவது. பின்னலாடை இழுபடும், நெய்த துணி இழுபடாது. பட்டனோ ஜிப்போ இல்லாத கழுத்தின் சுற்றளவு தலையின் சுற்றளவைவிடக் கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். பெரியவர்களில் பலருக்குத் தலை 54 முதல் 60 செ.மீ. வரை வரும். டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டி இழுபட்டு இதைச் சமாளிக்கிறது, புதுச் சட்டை நெற்றியிலேயே நின்றுவிடும்.

படியெடுக்கத் தோதானது எலாஸ்டிக் வைத்த பைஜாமா. ஒரு காலை இன்னொரு காலுக்குள் செருகி, எலாஸ்டிக்கை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். பின்பக்க இருக்கைவளைவு (இடுப்பிலிருந்து கால் பிரியும் இடம்வரை வரும் வளைவு) முன்பக்கத்தைவிட நீளமாக இருக்கும். அதையும் தனியாகவே எடுங்கள். இல்லாவிட்டால் உட்காரும்போதெல்லாம் இடுப்பு பின்னால் இறங்கும்.

அச்சு பேட்டர்ன்

எபினேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் 1863-ல் அளவுவாரியான காகித பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். இன்றைய பேட்டர்ன்களில் பெரும்பாலும் ஒரே தாளில் பல அளவுக் கோடுகள் அடுக்கடுக்காக இருக்கும். கடையில் வாங்கும் உடையின் எண்ணை வைத்து இதில் அளவு தேர்ந்தெடுத்தால் நிச்சயம் தவறும். டேப்பால் உடம்பை அளந்து, பேட்டர்னின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பெண்கள் அக்குளை ஒட்டிய மேல்மார்பையும் மார்பின் முழுச்சுற்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். வித்தியாசம் 5 செ.மீ.க்கு மேல் போனால், மேல்மார்புக்குப் பொருந்தும் அளவை எடுத்து முன்பாகத்தை மட்டும் அகலப்படுத்துவதே நல்லது. முழுச்சுற்றை வைத்து எடுத்தால் மார்பு பொருந்தும், தோள் நழுவும், கழுத்து அகன்று நிற்கும். மார்புக்கு ஒரு அளவும் இடுப்புக்கு இன்னொரு அளவும் வருகிறதா? அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குச் சாய்த்து வரைந்துவிடலாம்.

பிடிஎஃப் பேட்டர்னில் இன்னொரு கண்ணி: பிரிண்டர் அமைப்பு 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். ‘தாளுக்குப் பொருத்து’ என்பது தேர்வாகி 97 சதவீதத்தில் அச்சானால், 100 செ.மீ. மார்பில் 3 செ.மீ. சத்தமில்லாமல் போய்விடும். முதல் பக்கத்தின் சோதனைக் கட்டத்தை ஸ்கேலால் அளந்த பிறகு மற்ற தாள்களை ஒட்டுங்கள். தையலுக்கான இடம் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிலவற்றில் 1.5 செ.மீ. சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

இவ்வளவு தொல்லை இருந்தும் காலர் சட்டைக்கு அச்சு பேட்டர்னே மேல். காரணம் தாளைவிட, கூடவே வரும் செய்முறைக் குறிப்பு. காலரை எப்போது பொருத்துவது, சட்டைக் கையை ஏற்றிய பிறகு பக்கத்தை மூடுவதா, மூடிய பிறகு ஏற்றுவதா என்ற வரிசையை மற்ற இரண்டு வழியும் சொல்லித் தராது.

அளந்து வரைவது

ஒரு தோள் இறங்கியவர், முதுகு வளைந்தவர், எந்த அட்டவணையிலும் அடங்காத உடல்வாகு உள்ளவர் எல்லோருக்கும் கடைசியில் இதுதான் வழி. அடிப்படைக் கணக்கு எளிது. மார்பு 96, லூஸ் (உடம்பளவுக்கு மேல் விடும் தளர்வு) 8, மொத்தம் 104 செ.மீ. முன்பாகம், பின்பாகம் இரண்டையும் நடுவில் மடித்து வெட்டுவதால் காகிதத்துக்கு நாலில் ஒரு பங்கு, 26. பக்கத் தையலுக்கு 1.5 சேர்த்தால் 27.5. புதியவர்கள் முதலில் 96-ஐ நாலாக வகுத்துவிட்டு, வந்த 24-உடன் 8-ஐச் சேர்ப்பார்கள். லூஸ் 32 செ.மீ. ஆகி, உடை சாக்காகிவிடும்.

கழுத்து, தோள், ஆம்ஹோல் ஆழம் எல்லாவற்றையும் மார்பை வகுத்தே சொல்லும் சூத்திரங்களை ஓரளவுக்கு மேல் நம்பக் கூடாது. மார்பு பருத்தவருக்குத் தோள் எலும்பும் அதே விகிதத்தில் அகன்றுவிடுவதில்லை. தோள் அகலத்தையும் முதுகின் குறுக்களவையும் நேரடியாக அளந்து போடுங்கள். தன் முதுகைத் தானே அளக்க முடியாது, இன்னொருவர் வேண்டும்.

சட்டைக் கையின் மேல்வளைவையும் ஆம்ஹோலையும் தைக்கும் கோட்டின்மேல் டேப்பை ஓரத்தில் நிறுத்திவைத்து அளந்து பாருங்கள். தளர்வான சட்டைக்கு, கையின் மேல்வளைவு ஆம்ஹோலுக்குச் சமமாகவோ 1, 2 செ.மீ. கூடுதலாகவோ இருக்கலாம். அதைத் தாண்டினால் தோளில் சுருக்கம் விழ ஆரம்பிக்கும். குறைந்தால் கை ஏறாது.

எந்த வழியானாலும் பழைய படுக்கை விரிப்பில் 4 மி.மீ. நீளத் தையலில் ஒரு முறை தைத்துப் பார்க்காமல் நல்ல துணியைத் தொட வேண்டாம். இழுபடும் கோடுகள் இறுக்கமான இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மார்பு முனையிலிருந்து பக்கவாட்டில் கோடு ஓடினால் அங்கே துணி போதவில்லை. முன்பக்க அடியோரம் மேலே தூக்கி நின்றால் முன்நீளம் குறைவு. உடை முழுவதுமே சற்றுப் பெரிதாக வந்தால் பேட்டர்னைக் குறை சொல்லும் முன் தையலை அளங்கள். 1.5 விட்ட இடத்தில் 1 செ.மீ.யில் ஓட்டியிருந்தால், இரண்டு பக்கத்திலும் சேர்த்து நாலு ஓரம், ஓரத்துக்கு அரை, சுற்றளவு 2 செ.மீ. கூடியிருக்கும்.

எங்கள் சிபாரிசு: முதல் உடை படியெடுத்த பைஜாமா, காலர் சட்டைக்கு அச்சு பேட்டர்ன், அளந்து வரைவதை அவற்றுக்குப் பிறகு. படியெடுத்த காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். புது பேட்டர்ன் எது வந்தாலும் அதன்மேல் இதை வைத்து, தைக்கும் கோடுகளை ஒப்பிட்டால், எங்கே 5 செ.மீ. இடிக்கிறது என்று வெட்டுவதற்கு முன்பே தெரியும். துணியைத் துவைத்துக் காயவைத்த பிறகே காகிதத்தைப் பரப்புங்கள். பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம்வரை சுருங்கக்கூடும், அதுவும் பெரும்பாலும் நீளவாட்டில்.