பாங்காக்: "இன்று அரண்மனை அடைப்பு" என்று சொல்பவரிடம் நிற்காதீர்கள்

பாங்காக் பெரிய அரண்மனைக்குப் போகும் வழியில் யாராவது உங்களை நிறுத்தி, "இப்போது அடைத்திருக்கிறது, பிற்பகலில்தான் திறக்கும்" என்று சொன்னால், பதில் சொல்லாமல் வாசல்வரை நடந்து போங்கள். இந்த ஒரு வரியை எங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், எனக்கும் என் தம்பிக்கும் 18,000 பாத் போயிருக்காது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 41,000 ரூபாய். நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. தம்பி இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். இந்தப் பயணத்துக்காக இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் பாதி ஒரே பிற்பகலில் போய்விட்டது.

நடந்ததை முழுதாக எழுதுகிறேன். சுருக்கிச் சொன்னால், "முன்பின் தெரியாதவன் சொன்னதைக் கேட்டு யாராவது கல் வாங்குவார்களா" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் ஒருவன் சொன்னதைக் கேட்டு வாங்கவில்லை. மூன்று பேர் சொன்னதைக் கேட்டு வாங்கினோம்.

2024 மே மாதம், பள்ளி விடுமுறை. இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்றிருந்த நேரம். காவ் சான் சாலைக்குப் பக்கத்தில் மலிவான விடுதி ஒன்றில் தங்கினோம். அங்கிருந்து சனாம் லுவாங் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தால் இருபது நிமிடத்தில் அரண்மனை. மைதானத்தின் ஓரத்தில், வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எதையும் விற்கவில்லை, எதையும் கேட்கவில்லை. "அரண்மனைக்கா? விசாக பூஜைக்காகப் பிக்குகள் பிரார்த்தனை செய்கிறார்கள். வெளிநாட்டவருக்கு ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார்.

அந்த வாரம் உண்மையிலேயே விசாக பூஜை வரவிருந்தது. நம் ஊரில் வைகாசி விசாகம் கொண்டாடும் அதே பௌர்ணமி. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை, மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. உண்மையான ஒரு திருநாளின் மேல் பொய்யை ஏற்றி வைத்திருந்தார். மற்ற நாள்களில் "இன்று புத்தர் நாள்" என்று சொல்வார்களாம். அதுவும் பாதி உண்மைதான். சந்திரக் கணக்குப்படி மாதத்தில் நான்கு முறை அப்படியொரு நாள் அங்கே வருகிறது. ஆனால் அதற்காக அரண்மனையை அடைப்பதில்லை.

எங்கள் வரைபடத்தை வாங்கி அவரே பேனாவால் மூன்று வட்டம் போட்டார். ஒன்று, நிற்கும் புத்தர். இரண்டாவது, 'அதிர்ஷ்ட புத்தர்' என்று அவர் சொன்ன ஒரு சிறிய கோயில். மூன்றாவது, 'அரசு ஏற்றுமதி மையம்'. வெள்ளை எண் பலகை உள்ள டுக்-டுக் (அந்த ஊர் ஆட்டோ) அரசாங்கத்துடையது, மூன்று இடத்துக்கும் சேர்த்து 20 பாத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று எங்களுக்காகக் கவலைப்படுவதுபோல் எச்சரித்தார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு டுக்-டுக் வந்து நின்றது. ஓட்டுநரிடம் அவரே தாய் மொழியில் பேரம் பேசினார்.

20 பாத் என்பது நம் பணத்தில் ஐம்பது ரூபாய்கூட இல்லை. மூன்று இடத்துக்கு அழைத்துப் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட அந்தக் காசு எரிபொருளுக்கே போதாது. அந்தக் கணக்கை நான் அப்போதே போட்டிருக்க வேண்டும். பயணிகளைக் கடைவாசலில் கொண்டுபோய் நிறுத்தினாலே ஓட்டுநர்களுக்கு எரிபொருள் கூப்பன் கிடைக்கும், கல்லோ கோட்டுத் துணியோ வாங்கவைத்தால் கமிஷனும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நிற்கும் புத்தர் உண்மையான இடம்தான். வாட் இந்தரவிகான் என்ற கோயிலில் 32 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். பொன்னிற உருவத்தைப் பார்த்தவுடன், வழிகாட்டிய மனிதர்மேல் எங்களுக்கு நம்பிக்கை வலுத்துவிட்டது. இந்த ஏமாற்றின் முக்கியமான இடம் இதுதான்: முதலில் நல்ல பொருளைக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது கோயிலில் ஆளே இல்லை. மண்டபத்தில் ஒரே ஒருவர் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் அவரும் வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். ஆசிரியை என்றேன். "நானும் ஆசிரியர்தான்" என்றார். பிள்ளைகளைப் பற்றி, சம்பளத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். கிளம்பும்போதுதான், போகிறபோக்கில் சொல்வதுபோல், ஏற்றுமதி மையத்தில் ஆண்டுக்கு ஒரு வாரம் வரியில்லா விற்பனை உண்டென்றும், இன்று அதன் கடைசி நாள் என்றும் சொன்னார். போன வருடம் இரண்டு நீலக்கல் வாங்கிச் சிங்கப்பூரில் இரண்டு மடங்குக்கு விற்று, அந்தப் பணத்தில்தான் மகளைப் படிக்கவைக்கிறாராம். எங்களை அங்கே போகச் சொல்லவே இல்லை.

என் தம்பி, "அக்கா, அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் அதே இடத்தைத்தானே வட்டம் போட்டார்" என்றான். அவனுக்கு அது சாட்சியாகத் தோன்றியது. எனக்கும்தான். மூன்றாவதாக, ஓட்டுநரும் வண்டியில் ஏறும்போது "கடைசி நாள், கடைசி நாள்" என்றார்.

மூன்று பேரும் தாங்களாக வந்து எங்களிடம் பேசியவர்கள். நாங்களாகப் போய்க் கேட்ட ஒரு போலீஸ்காரரோ, விடுதிப் பெண்ணோ, வாசல் காவலரோ அந்த மூவரில் இல்லை. அன்று முழுக்க எனக்கு இது உறைக்கவில்லை.

கடை குளிர்சாதன வசதியோடு, கண்ணாடியும் வெல்வெட்டுமாக இருந்தது. குடிக்கக் குளிர்பானம் தந்தார்கள். நீலம் சனிக்கு உகந்த கல் என்று அங்கிருந்த பெண் என்னிடமே சொன்னார். இந்தியர்களிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். இரண்டு கல் 18,000 பாத். பாதி ரொக்கம், மீதி கார்டு. கற்களைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டி, ஊரில் விற்கும்வரை பிரிக்காதீர்கள், பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். ஊருக்குப் போய் விற்றால் பயணச் செலவே திரும்பிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டு வந்தோம்.

டுக்-டுக் ஓட்டுநர் எங்களை அரண்மனைக்குத் திரும்பக் கொண்டுபோய் விடவில்லை. கடை வாசலில் அவர் காத்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை நாங்களே அரண்மனைக்கு நடந்து போனோம். திறந்திருந்தது. ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்குத் திறக்கிறார்கள், பிற்பகல் 3.30 வரை டிக்கெட் தருகிறார்கள்; வெளிநாட்டவருக்கு 500 பாத். அரச சடங்குக்காக எப்போதாவது மூடினால் வாசலிலேயே அறிவித்துவிடுவார்கள். அந்த வாசலுக்குப் பக்கத்தில், அந்நியர்கள் பேச்சை நம்ப வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை இருந்தது. அதைப் படித்ததும் கால் நகரவில்லை. எச்சரிக்கை வாசலில் இருக்கிறது. அவர்கள் நிற்பதோ வாசலுக்கு அரை கிலோமீட்டர் முன்னால்.

அப்போதே 1155க்கு அழைத்திருக்க வேண்டும். சுற்றுலாப் போலீஸின் எண் அது, ஆங்கிலத்தில் பேசலாம். ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் புகார் கொடுத்தால், போலீஸார் கடைக்காரரை அழைத்துப் பேசிப் பணத்தின் ஒரு பகுதியையாவது வாங்கித் தந்த சம்பவங்கள் உண்டு. சீலோம் சாலையில் தாய்லாந்தின் ரத்தின, நகை ஆய்வு நிறுவனத்தின் பரிசோதனைக்கூடமும் இருக்கிறது. இரண்டில் எதையும் நான் செய்யவில்லை. உறையைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடுமே என்ற பயம் ஒன்று. கல் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்ப ஆசைப்பட்டது இன்னொன்று. அன்றிரவே எங்களுக்கு விமானம். அந்தக் கடைக்காரர்களுக்கு அதுவும் தெரியும். எப்போது ஊர் திரும்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் விலையே சொன்னார்கள்.

திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். என் பெரியப்பா முப்பது வருடம் சாணையில் உட்கார்ந்தவர். உறையைப் பிரித்து, லென்ஸை வைத்து, கல்லை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அம்மாடி, உள்ளே கோடு வளைந்து ஓடுகிறது பார். மண்ணில் விளைந்த நீலத்தில் கோடு நேராகத்தான் இருக்கும். இது உலையில் உருக்கி வளர்த்த கல். இந்தக் கல்லை நாங்கள் கிலோக் கணக்கில் தீட்டியிருக்கிறோம்" என்றார். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

கடைக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. வங்கியில் கார்டுத் தொகைக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். ரகசிய எண்ணை நானே அழுத்தியிருக்கிறேன், ரசீதில் எழுதிய பொருள்தான் என்னிடம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால், 'நீலக்கல் இரண்டு' என்று மட்டும் இருந்தது. 'இயற்கை' என்ற சொல் எங்கும் இல்லை. உலையில் வளர்ந்தாலும் அதற்கும் நீலக்கல் என்றுதான் பெயர்.

அதனால் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பயணத்தில் விலையுயர்ந்த கல் வாங்கவே வாங்காதீர்கள். ஊரில் லாபத்துக்கு விற்கலாம் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பணம் கொடுப்பதற்கு முன் ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள், ரசீதில் 'இயற்கை' என்று எழுதச் சொல்லுங்கள். அரண்மனைக்கு டுக்-டுக் தேவையே இல்லை. ஆரஞ்சுக் கொடி கட்டிய சாவ் பிரயா விரைவுப் படகு 16 பாத். தா சாங் துறையில் இறங்கினால் பக்கம். மெட்ரோவில் வந்தால் சனாம் சாய் நிலையம்; அங்கிருந்து வாட் போ கோயிலும் நடக்கும் தூரம்தான். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்தப் புத்தரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஆற்றைக் கடந்து வாட் அருண் கோயிலுக்குப் போக 5 பாத் படகு இருக்கிறது. துறையில் தனிப் படகுக்கு நூற்றுக்கணக்கில் கேட்பவர்களைத் தாண்டிப் போய் அந்தப் படகில் ஏறுங்கள். அரண்மனைக்கும் கோயில்களுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

அந்த ஊர் மக்களை நான் குறை சொல்லவில்லை. வழி தெரியாமல் நின்ற எங்களைக் கைப்பிடித்துப் பஸ் ஏற்றிவிட்ட ஒரு பாட்டியும் அதே பாங்காக்தான். அவரிடம் நாங்களாகப் போய்க் கேட்டோம்.

கற்களும் உறையும் ரசீதும், மூன்று வட்டம் போட்ட அந்த வரைபடமும் என் அலமாரியில் இருக்கின்றன. அடுத்த மாதம் கிளம்புகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புகிறேன்.