ஆற்றைத் தோண்டுவதா, ஆழ்கடல் ஓரம் போவதா?

இன்றைய மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல்கள் 400 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம். முழுச் சரக்கோடு வந்தால் மிதவை ஆழம், அதாவது கப்பல் நீருக்குள் அமிழும் அளவு, 16 மீட்டரைத் தாண்டும். ஆற்றுக்குள் இருக்கும் பழைய துறைமுகங்களில் அவ்வளவு தண்ணீர் ஏது? ஒன்று, கால்வாயைத் தோண்ட வேண்டும். இல்லையென்றால் ஆழம் இருக்கும் இடத்தில் புதுத் துறைமுகம் கட்ட வேண்டும். ஜெர்மனி ஒரே கடற்கரையில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டது.

ஹாம்பர்க், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் எல்பே ஆற்றுக்குள் இருக்கிறது. ஓதத்துக்கு (கடல் நீர் ஏறுவதற்கு) காத்திராமல் 13.5 மீட்டர், ஓதத்தோடு வந்தால் 14.5 மீட்டர் மிதவை ஆழம் என்பது இலக்கு. ஒரு மீட்டர் கூடினாலே பெரிய கப்பல் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கூடுதலாக ஏற்றலாம் என்பதால் விடாப்பிடியாக நின்றார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. எல்பேயைத் தவிர உலகில் வேறெங்கும் வளராத ஒரு நீர்ச்செடிக்காகவும் வாதாடின. 2017-ல் நீதிமன்றம் திட்டத்தைத் திருத்தச் சொன்னது. 2019-ல் தோண்டத் தொடங்கி, 2022 ஜனவரியில் முழு ஆழத்தையும் திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வண்டல் சேர்ந்து, அனுமதித்த ஆழத்தில் ஒரு மீட்டர் வரை குறைக்க வேண்டியதாயிற்று!

இது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை. முகத்துவாரத்தை ஆழப்படுத்தினால் ஓதம் வேகமாக உள்ளே ஏறும், மெதுவாக வடியும். ஏறும் நீர் அள்ளி வரும் சேற்றை வடியும் நீரால் முழுசாகத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. ஆக, தோண்டத் தோண்டத் தூர்வாரும் வேலையும் கூடும்.

அமெரிக்காவின் சவானாவில் கதை வேறு. 42 அடியை 47 அடியாக்கும் வேலை 2022-ல் முடிந்தது. ஆழமான கால்வாயில் உப்புநீர் ஏறி அடிநீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால், ஆற்று நீரை இழுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி விடும் இயந்திரங்களைக் கரையில் நிறுவினார்கள். செலவில் ஏறக்குறைய பாதி இப்படிச் சுற்றுச்சூழலை ஈடுகட்டவே போனது. நடுவில், உள்நாட்டுப் போர்க்காலக் கவசக் கப்பல் ஒன்றின் சிதைவையும் அடியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

சரி, புதுத் துறைமுகம்? ஜெர்மனியின் அதே கடற்கரையில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் 2012-ல் திறந்தது. 18 மீட்டர் ஆழம், ஓதம் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 27 லட்சம் பெட்டிகளைக் கையாளலாம் என்று கட்டினார்கள். 2013-ல் ஒரு லட்சம்கூடத் தேறவில்லை. கிடங்கு, சரக்கு முகவர், ரயில் தொடர்பு எல்லாம் ஹாம்பர்க்கில் இருக்கும்போது ஆழத்தை மட்டும் நம்பி யார் வருவார்? ஜெர்மன் கப்பல் நிறுவனமான ஹபாக்-லாய்டு 2022-ல் அதில் பங்கு வாங்கியது. 2025-ல் அந்த நிறுவனம் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய கூட்டுச் சேவையில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் மையத் துறைமுகங்களில் ஒன்றானது. அதற்குள் பத்தாண்டுக்கு மேல் போய்விட்டது.

என்னைக் கேட்டால், வண்டல் அதிகம் வரும் ஆற்றில் இன்னொரு மீட்டருக்குச் செலவழிப்பதைவிட, ஒரு பெரிய கப்பல் நிறுவனத்தைப் பங்காளியாகப் பிடித்து, ரயில் பாதையை முதலில் போட்டுவிட்டு வெளியே கட்டுவதே மேல். அந்த வசதி இல்லாத இடத்தில் பழைய துறைமுகமே போதும். ஆழம் போதாத கப்பல்கள் வாரத்துக்கு இரண்டு மூன்றுதான் என்றால், எதையும் தோண்டாமல் ஓத நேரத்தைப் பார்த்துக் கப்பல் வரவை அமைத்துக்கொள்ளலாம். ஓதத்தைத் தவறவிட்டால் ஏறக்குறைய 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்துக்கு ஆகும் செலவையும் ஆண்டுதோறும் தூர்வாரும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாத திட்ட அறிக்கையை நான் நம்பமாட்டேன்.