கையால் சுற்றும் கொத்துக்கறி மெஷின்: 4 வருடக் கபாப் கணக்கு

பிளேடையும் துளைத் தட்டையும் இப்போதுதான் புதிதாக மாற்றியிருக்கிறேன். மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற, 10-ஆம் நம்பர் அளவு வார்ப்பிரும்பு மெஷின். சீக் கபாபுக்காக இதை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மெஷின் எப்படி இருக்கும் என்பது அவருக்கே தெரியும், அதனால் நேராகக் குறைக்கு வருகிறேன்.

குறை ஒன்றுதான், ஆனால் உயிரை வாங்குகிற குறை. பிளேடையும் தட்டையும் இறுக்கிப் பிடிக்கிற முன்பக்க மரை வளையம் பாதி வேலையில் தளர்ந்துவிடும். பிளேடு தட்டோடு ஒட்டி உரசினால்தான் கறி வெட்டுப்படும். காகிதம் நுழைகிற இடைவெளி விழுந்தாலே ஜவ்வு பிளேடில் சுற்றிக்கொள்ளும், கைப்பிடி கனக்கும். சிவப்பும் வெள்ளையுமாகத் தனித்தனி இழையாக விழுந்துகொண்டிருந்த கறி, வெளிறிய ரோஸ் நிறக் கூழாக வழியத் தொடங்கும். அந்த நொடியே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கொழுப்பு நசுங்கி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்ட கறியை எவ்வளவு பிசைந்தாலும் பயனில்லை. சூடு பட்டதும் கொழுப்பு உருகித் தனியே ஒழுகும், கபாப் வெடித்துக் கம்பியிலிருந்து கழன்று விழும்.

பிளேடைத் திருப்பி மாட்டினாலும் இதே கதிதான். வெட்டுகிற தட்டையான முகம் துளைத் தட்டைப் பார்த்து இருக்க வேண்டும். சரியாக மாட்டியும் வளையம் தளர்ந்தால், அரைக் கிலோவுக்கு ஒருமுறை கழற்றி, ஜவ்வை உருவிவிட்டு, கையால் மறுபடி இறுக்குவதைத் தவிர வழியில்லை. கோபத்தில் ஸ்பானர் போட்டு முறுக்கிவிடாதீர்கள். இரும்போடு இரும்பு அரைபட்டுக் கறுப்பு மசி கறியில் இறங்கும்.

ஜவ்வை முன்பே சீவி எடுத்துவிட்டு, கறியை 2 செ.மீ. துண்டாக்கி, ஓரம் விறைக்கும்வரை 30 நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் தொல்லை பாதியாகும். பிளேடு, தட்டு, கறியை முன்னே தள்ளுகிற உள்திருகு மூன்றையும் கூடவே வைத்துவிடுங்கள். முதலில் 8 மி.மீ. துளையுள்ள தட்டு, அடுத்த சுற்றுக்கு 4.5 மி.மீ.

இனி நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இதில் ஒழுங்காக அரைபட்ட கறிக்கு முட்டை வேண்டாம், பொட்டுக்கடலை மாவு வேண்டாம், ரொட்டித்தூளும் வேண்டாம். 800 கிராம் ஆட்டுத் தொடைக்கறி, 200 கிராம் கொழுப்பு, 15 கிராம் உப்பு. முதலில் உப்பை மட்டும் போட்டு 5 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். உப்புதான் கறியின் புரதத்தை இளக்கிப் பசையாக்குகிறது. பிட்டுப் பார்த்தால் நூல் நூலாக இழுபட வேண்டும், உள்ளங்கையில் அப்பிக் கவிழ்த்தால் விழக்கூடாது. அதன்பிறகுதான் இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், வறுத்த சீரகப்பொடி, கரம் மசாலா, மல்லித்தழை. வெங்காயம் 150 கிராம் போதும். துருவித் துணியில் கட்டிச் சாறு முழுவதையும் பிழிந்துவிடுங்கள், அந்த ஈரம் ஒன்றே கபாபைக் கீழே தள்ளிவிடும். 2 மணி நேரம் குளிரவைத்து, ஈரக் கையால் பட்டைக் கம்பியில் இரண்டரை செ.மீ. தடிமனுக்குப் பிடியுங்கள். உருண்டைக் கம்பி என்றால், கம்பி சுழலும், கறி சுழலாது. ஒரு பக்கம் இறுகும்வரை தொடாதீர்கள். நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது.

மிக்சியில் இந்த இழை வரவே வராது. சூட்டில் கொழுப்பு இளகிக் களிதான் மிஞ்சும். கடித்தால் இழை இழையாகப் பிரிந்து சாறு விடுகிற கபாப் வேண்டுமென்றால் இந்த மெஷினை மிஞ்ச வீட்டில் வேறெதுவும் இல்லை.

கழுவியதும் துடைத்துச் சமையல் எண்ணெய் பூச வேண்டும், ஒரு ராத்திரி மறந்தாலும் துரு பிடித்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் புதுத் தட்டு, புதுப் பிளேடு போட்டு அரைத்த முதல் கிலோவிலேயே வளையம் இரண்டு முறை தளர்ந்துவிட்டது. வாங்கலாமா என்று கேட்டவருக்கு இன்றைக்கு என் பதில்: வேண்டாம்.