இருக்கைக்கு அடியில் சப்வூஃபர், டாஷ்போர்டுக்குள் ஆம்ப்ளிஃபயர்: இரண்டு ஆண்டு அனுபவம்

காரில் ஒலி அமைப்பை மேம்படுத்துகிறேன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டிக்கியை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) பெட்டிதான். எனக்கு அது வேண்டாம். டிக்கி பெட்டி படுக்கைக்கே இருக்க வேண்டும், வண்டியில் ஏறுபவர் கண்ணில் புதிதாக எதுவும் படக் கூடாது, ஒலியளவைப் பாதியில் வைத்திருக்கும்போதே பாட்டு முழுமையாகக் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்து மறைவாகப் பொருத்திய அமைப்போடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். பொருத்திய வாரத்திலேயே எழுதியிருந்தால் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, புகழ்ந்துவிட்டு முடித்திருப்பேன். நாள்பட ஓட்டிய பிறகுதான் எது முக்கியம் என்பது தெளிவாகியிருக்கிறது.

வண்டி, ஐந்து பேர் அமரும் சாதாரண ஹேட்ச்பேக். ஸ்டியரிங் பொத்தான்களும் பின்பக்கக் கேமராவும் நிறுவனத்தின் தொடுதிரையோடு பிணைந்திருப்பதால் அந்தத் திரை உள்ள ஹெட் யூனிட்டை, அதாவது டாஷ்போர்டில் பாட்டை இயக்கும் கருவியை, மாற்றவில்லை. அதன் பின்னால், இரு முனையிலும் நிறுவனத்தின் கப்ளரே (கம்பிகளை இணைக்கும் செருகி) பொருந்தும்படியான டி-ஹார்னஸ் என்ற இடைக்கம்பித் தொகுப்பைச் செருகி, அதிலிருந்து ஐந்து சேனல் (ஐந்து தனி வெளியீடு) ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் எடுத்தோம். பழைய கம்பி ஒன்றுகூட வெட்டப்படவில்லை. புதிதாக மாற்றிய கதவு ஸ்பீக்கர்கள் நான்குக்கும் தலா 60 வாட். ஐந்தாவது சேனலின் 300 வாட், முன் இருக்கைகளின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்த எட்டு அங்குல மெல்லிய சப்வூஃபர்களுக்குப் போகிறது. தலா 4 ஓம் உள்ள இரண்டையும் இணையாகக் கொடுத்தால் மொத்தத் தடை 2 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்கும் ஆம்ப்தானா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆம்ப், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஓர் அலுமினியப் பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. குளோவ் பாக்ஸைக் கழற்றினால்தான் தெரியும். கிளாஸ் டி வகை என்பதால்தான் அவ்வளவு சிறிய இடம் போதுமானதாயிற்று. பழைய கிளாஸ் ஏபி வகை, இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை வெப்பமாக வீணடிக்கும். கிளாஸ் டி எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும்.

“ஹெட் யூனிட்டிலேயே 50 வாட், நான்கு சேனல் என்று போட்டிருக்கிறதே அண்ணா, தனி ஆம்ப் எதற்கு?” என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. விடை எளிய கணக்கில் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை 4 ஓம் ஸ்பீக்கரில் அப்படியே செலுத்தினால் 14.4 × 14.4 ÷ 4, கிட்டத்தட்ட 52 வாட். அட்டையில் அச்சிடும் 50 அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்பட்ட நிலை. சிதையாத அலைக்கு அதில் பாதிதான் உச்சவரம்பு. உள்ளிழப்பும் போக மிஞ்சுவது 18, 20 வாட். தனி ஆம்ப் தனக்குள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்வதால் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

ஆனாலும் 20 வாட்டிலிருந்து 60 வாட்டுக்குப் போனால் கூடுவது 5 டெசிபல்கூட இல்லை. காதுக்கு இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே சத்தத்துக்காக ஆம்ப் வாங்குபவர் ஏமாந்துபோவார். தாளவாத்தியத்தில் அடி ஓங்கி விழும் அந்தக் கணத்தில் அலை வெட்டுப்படாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வாட்.

சப்வூஃபரை இருக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தும் அது ஏன் வேலை செய்கிறது? 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் மேல், 40 ஹெர்ட்ஸில் எட்டரை மீட்டர். இவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடிவதில்லை. இருக்கைத் துணியும் அதைத் தடுப்பதில்லை. இன்னொரு சாதகம், கார் என்பதே சிறிய மூடிய அறை. அறையின் நீளத்தைவிட அலையின் பாதி நீளம் பெரிதாகும் இடத்திலிருந்து கீழே, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒருசேர அழுந்தித் தளர்கிறது. இரண்டே முக்கால் மீட்டர் நீள உட்புறத்தில் அது ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதற்குக் கீழே வண்டியே பேஸைத் தூக்கிக்கொடுக்கிறது. வீட்டுக் கூடத்தில் எடுபடாத சிறிய சப்வூஃபர் காரில் எடுபடும் காரணம் இதுதான்.

பொருத்தும் வேலையில் நான் பக்கத்திலேயே நின்றேன். இருக்கையைக் கழற்றியதும் அடியில் மஞ்சள் நிறக் கப்ளர்கள் தெரிந்தன. அவை ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட் இறுக்கிக்கும் உரியவை. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்த பிறகே எலக்ட்ரீஷியன் அவற்றில் கை வைத்தார். சீட் பெல்ட்டின் போல்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எர்த் கம்பியை அதிலேயே கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். “வேண்டாம் சார், அது உயிரைப் பிடிக்கிற போல்ட். நடுவில் வேறு எதையும் சொருகக் கூடாது” என்று சொல்லிவிட்டு, குளோவ் பாக்ஸ் பக்கம் வண்டியின் உடலோடு ஒன்றாக இணைந்திருக்கும் தகட்டில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் தனி போல்ட் போட்டார். எர்த் கம்பி அரை மீட்டருக்கும் குறைவு. மின்சாரக் கம்பி 4 கேஜ் தடிமன், முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதே தடிமனில் கடத்தும் திறன் மிகவும் குறைவு. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவில் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, வண்டியை. கம்பி எங்காவது உரசித் தகட்டில் பட்டுவிட்டால் தீப்பிடிக்காமல் தடுப்பது அது ஒன்றுதான். இதில் மட்டும் யாரும் சமரசம் செய்யக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியவுடன் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அமைப்பை அமைப்பாக்கியது அடுத்து வந்த சரிசெய்தல்தான். முதலாவது கிராஸ் ஓவர். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகாமல் தடுத்து, அந்தப் பகுதியைச் சப்வூஃபர்களிடம் ஒப்படைத்தோம். அதே ஒலியளவில் அலையெண் பாதியானால் ஸ்பீக்கர் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்காகத் தவித்துக்கொண்டிருந்த கதவு ஸ்பீக்கருக்கு அந்தச் சுமை இறங்கியதும் பாடுபவரின் குரல் தெளிந்துவிட்டது. எனக்கு இது எதிர்பாராத பரிசு. சப்வூஃபர் வாங்கியதால் மிக அதிகமாக மேம்பட்டது பேஸ் அல்ல, குரல்.

அடுத்து கெயின். அது ஒலியளவுக் குமிழ் இல்லை. ஹெட் யூனிட் தரும் சிக்னலுக்கும் ஆம்பின் உச்சத்துக்கும் பொருத்தம் பார்க்கும் திருகு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஹெட் யூனிட்டை முக்கால் அளவில் வைத்து, சோதனை ஒலியை ஓட்டி மல்டிமீட்டரில் பார்த்தோம். 4 ஓமில் 60 வாட் என்றால் 15.5 வோல்ட், 2 ஓமில் 300 வாட் என்றால் 24.5 வோல்ட். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். அந்த எண்ணில் திருகை நிறுத்தி ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டோம், இன்றுவரை அசையவில்லை. அதன்பின் 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சப்வூஃபரின் ஃபேஸை, அதாவது அதன் கூம்பு முதலில் முன்னே தள்ளுமா பின்னே இழுக்குமா என்பதை, 0, 180 பாகை என மாற்றிப் பார்த்து ஒலி கூடுதலாகக் கேட்ட நிலையில் விட்டேன். ஆம்பில் ஒலியை டிஜிட்டலாகச் சீரமைக்கும் டி.எஸ்.பி. இருப்பதால், என் பக்கத்துக் கதவு ஸ்பீக்கரைத் தூரத்து ஸ்பீக்கருக்கு இணையாகத் தாமதப்படுத்தவும் முடிந்தது. ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகும். இரண்டுக்கும் 55 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பதால் 1.6 மில்லி விநாடி. அதைப் போட்டதும் குரல் கதவிலிருந்து எழுந்து ஸ்டியரிங்குக்கு மேல், முன்கண்ணாடிக்கு நேராக வந்து நின்றது.

எப்படிக் கேட்கிறது? மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் மணிக்கட்டு அழுந்தி வழுக்கும்போது ஒரு கும்கி எழுமே, அது முன்பு ‘டப்’ என்று தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். இப்போது அடி விழுவது தனியாகவும், அதன்பின் சுருதி வளைந்து ஏறுவது தனியாகவும் கேட்கிறது. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதன் ஒவ்வொரு சுரமும் இப்போது பிரிந்து தெரிகிறது. ஆனால் நான் மிகவும் மதிப்பது குறைந்த ஒலியளவில் கிடைக்கும் நிறைவைத்தான். ஒலி குறையக் குறைய மனிதக் காது பேஸை வேகமாக இழக்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டியது இது. அதோடு டயரும் சாலையும் எழுப்பும் இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அலையெண்ணில் இருப்பதால் பாட்டின் அடிப்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பிவிட்டால் ஒலியைக் கூட்டும் ஆசையே வருவதில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம் என்பது செவியின் பாதுகாப்புக்கான அளவுகோல். நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு இது அற்பமான விஷயம் அல்ல. பின்னால் அமரும் அப்பாவோடு பாட்டை நிறுத்தாமலேயே பேச முடிகிறது.

பேஸ் வந்தவுடன் வண்டி முழுவதும் பேசத் தொடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் முனகியது பின்பக்க நம்பர் பிளேட், பிறகு மூக்குக்கண்ணாடி வைக்கும் பெட்டியின் மூடி. கதவுக்குள் எதுவோ ஒன்று மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. 30-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு, கதவை உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தேன். 62 ஹெர்ட்ஸில் மட்டும் நடுங்கியது பூட்டுக்குப் போகும் மெல்லிய கம்பி. அதில் துணி டேப்பை இரண்டு சுற்று சுற்றியதும் அடங்கியது. அந்தச் சமயத்திலேயே கதவின் வெளித்தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, உள்தகட்டின் பெரிய துளைகளையும் மூடினோம். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியும் சிறு துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது, அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். டேம்பிங் ஷீட்டுக்குக் கொடுத்த பணம், புதிய கதவு ஸ்பீக்கருக்குக் கொடுத்ததைவிட அதிகப் பலன் தந்தது என்பது என் கணிப்பு.

இந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஒரே உண்மையான கோளாறு, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும் மெல்லிய ‘ஙொய்’ ஓசை. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அது. ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே பாட்டு ஓடும்போது மல்டிமீட்டரை வைத்ததில் அரை வோல்ட்டுக்கு அருகில் காட்டியது. எர்த் போல்ட் அதிர்வில் தளர்ந்திருந்தது. நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கிய பின் பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது, ஓசையும் போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு சர்வீஸின்போதும் அந்தப் போல்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பேட்டரியில் குறை எதுவும் தெரியவில்லை. கடும் வெயிலில் மூடி நின்ற வண்டியைக் கிளப்பிய உடனே முழு ஒலியில் ஓட்டினால் ஆம்ப் சூடாகித் தானாக அணைந்துவிட இடமுண்டு. ஏசி உட்புறத்தைக் குளிர்விக்கும்வரை அடக்கி வாசிக்கவிடுகிறேன்.

குறைகள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் தீராதவை. பின் இருக்கையில் அமர்பவர் பாதத்தை முன் இருக்கையின் அடியில் நீட்டிக்கொள்ளும் இடம் போய்விட்டது. உயரமானவர்கள் நெடுந்தூரப் பயணத்தில் இதை உணர்கிறார்கள். இருக்கைக்கு அடியில் பின்பக்க ஏசி குழாய் போகும் வண்டிகளில் இந்த அமைப்பே சாத்தியமில்லை, எனவே இருக்கையை முழுவதும் தாழ்த்தி அளந்து பார்த்துவிட்டே சப்வூஃபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்று ஆழம். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த மெல்லிய பெட்டிகள் கைவிட்டுவிடுகின்றன. இரண்டு எட்டு அங்குலக் கூம்புகளின் பரப்பு ஒரு பத்து அங்குலத்தைவிட அதிகம்தான், ஆனால் முன்னும் பின்னும் ஓடும் தூரம் குறைவு. மின்னணு இசையின் அடிவயிற்று உறுமல்தான் வேண்டும் என்பவர் டிக்கிப் பெட்டிக்கே போகலாம்.

தரையில் தண்ணீர் கொட்டினால் நனையாமலிருக்க இரண்டு பெட்டிகளையும் ஒரு சென்டிமீட்டர் ரப்பர் காலின் மேல் நிறுத்தியிருக்கிறோம். பின்பக்கம் ஒரு தண்ணீர்ப் பாட்டில் கவிழ்ந்தபோது அது கைகொடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்கள் இருக்கைக்கு அடியில் வைக்கும் சப்வூஃபரையும் கதவுக்கான கிராஸ் ஓவரையும் முதலில் போடுங்கள், டேம்பிங் ஷீட்டை அடுத்து, ஸ்பீக்கர் மாற்றத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும் நாளில் டி-ஹார்னஸைப் பிடுங்கிவிட்டுப் பழைய கப்ளரை மாட்டினால் போதும், ஆம்பும் சப்வூஃபர்களும் அடுத்த வண்டிக்கு வந்துவிடும்.