பிஎஸ்க்யூஎல்: கட்டம் கோணினால் என்கோடிங்கைப் பாருங்கள்

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் தரும் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல், முதலில் காட்டும் அட்டவணை கொஞ்சம் மொட்டைதான். பார்டர் 1 (சுற்றிலும் கட்டம் இல்லை), கோடுகள் ஆஸ்கி (விசைப்பலகையின் சாதாரணக் குறிகள்). '\பிசெட் பார்டர் 2' கொடுத்தால் நாலு பக்கமும் அடைபடும். '\பிசெட் லைன்ஸ்டைல் யூனிகோட்' சேர்த்தால் முறியாத கோடுகள் வரும். இரண்டையும் பிஎஸ்க்யூஎல்ஆர்சி கோப்பில் எழுதிவிட்டால் நிரந்தரம். இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லின் கிளையன்டில் (கட்டளைவரிக் கருவியில்) இந்த வசதியே கிடையாது. கூட்டல் குறியும் சிறுகோடும்தான்.

ஆனால் கட்டம் கோணிப்போனால் பலரும் பார்டரையே நோண்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. உள்ளீடு, வெளியீடு இரண்டுமே டெர்மினலாக இருந்தால், பிஎஸ்க்யூஎல் கிளையன்ட் என்கோடிங்கை (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையை) லோகேலிலிருந்து, அதாவது கணினியின் மொழி அமைப்பிலிருந்து, எடுத்துக்கொள்ளும். கன்டெய்னரில் லோகேல் அமைக்காமல் 'சி' என்றே கிடந்தால் என்கோடிங் எஸ்க்யூஎல்_ஆஸ்கி ஆகிவிடும். அதன்பின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் இடம் என்று கணக்கு. 'தமிழ்' யூடிஎஃப்-8இல் 15 பைட். சரியான கணக்கில் அகலம் 4தான் (த, ம, ி, ழ), ஏனெனில் புள்ளிக்கு இடம் இல்லை. ஆக, அந்த வரியின் வலது கோடு 11 இடம் உள்ளே வந்து நிற்கும். '\என்கோடிங்' என்று தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். '\என்கோடிங் யூடிஎஃப்8' போட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஓரிரு இடம் பிசகினால் டெர்மினல் வேறு கணக்குப் போடுகிறது. அதைக் கருவியால் திருத்த முடியாது.

விண்டோஸில் கன்சோல் கோட்பேஜ் (அந்தச் சாளரத்தின் எழுத்து என்கோடிங்) ஒத்துப்போகவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் 'சிஎச்சிபி 65001' கொடுத்து, கிளையன்ட் என்கோடிங்கையும் யூடிஎஃப்8 ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இன்னும் குழப்பம்.

எனக்கு இக்கருவியில் பிடித்தது அதன் பிடிவாதம். கிளையன்ட் என்கோடிங்கை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது) என்று அமைத்துவிட்டுத் தமிழைக் கேட்டால் 'இணையான எழுத்து இல்லை' என்று பிழை காட்டி நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் அதே இடத்தில் கேள்விக்குறிகளைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போகும். அதைவிட மோசம், யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்1 என்று நம்பிச் சேமிப்பது: அதே கிளையன்டில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், வேறெங்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் 'தமிழ்' என்ற மதிப்பின் எழுத்து நீளத்தைக் கேளுங்கள். 5 வந்தால் நலம், 15 வந்தால் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் தமிழுக்கு 'யூடிஎஃப்8' போதும், எமோஜிக்குத்தான் 'யூடிஎஃப்8எம்பி4' வேண்டும்.

பிஎஸ்க்யூஎல்லில் குறை ஒன்று: வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினாலும் கட்டம் கூடவே போகும். 12ஆம் பதிப்பு முதல் '--சிஎஸ்வி' (கட்டம் இல்லாமல் காற்புள்ளியால் பிரித்துத் தருவது) இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.