அரைப் பக்கக் கொட்டேஷனும் நான்கு பக்கக் கொட்டேஷனும்

புது வீட்டுக்கு நெட்வொர்க் வயரிங், நான்கு கேமரா, டிவிக்கு வேண்டிய இணைப்புகள், கொஞ்சம் ஸ்மார்ட் சுவிட்சுகள். இரண்டு பேரிடம் கொட்டேஷன் கேட்டேன். ஒருவர் அரைப் பக்கத்தில் கொடுத்தார், இன்னொருவர் நான்கு பக்கம். அரைப் பக்கக்காரரின் தொகை மற்றவருடையதில் ஏறக்குறைய பாதிதான். கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். முந்தைய வீட்டில் என் கை அப்படிப் போய்ப் பட்டுவிட்டதால், இந்த முறை இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தேன்.

முதல் வித்தியாசம் கேபிளில். அரைப் பக்கத்தில் "கேட்-6 கேபிள், தேவையான அளவு" என்று ஒரே வரி. கேட்-6 என்பது நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம். நான்கு பக்கத்தில் "கேட்-6, முழுச் செம்பு, 23 கேஜ்" என்று (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) எழுதி, எந்த அறைக்கு எத்தனை கேபிள் என்ற கணக்கும் இருந்தது. இந்த "முழுச் செம்பு" என்ற இரண்டு வார்த்தைகளில்தான் பாதிப் பணம் ஒளிந்திருக்கிறது. சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் போட்ட கேபிளும் கிடைக்கிறது. சிசிஏ என்பார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உறையில் கேட்-6 என்றுகூட அச்சடித்திருக்கும். ஆனால் கேட்-6 தரவிதிகள் கேட்பது செம்புக் கம்பியைத்தான். ஒரு துண்டை வாங்கி உறையை உரித்து, உள்ளே இருக்கும் கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். முழுச் செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறமாகவே இருக்கும். சிசிஏ என்றால் இரண்டாவது சுரண்டலிலேயே வெள்ளை தெரிந்துவிடும். பழைய வீட்டில் மிச்சம் கிடந்த துண்டைச் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளைதான்.

அதனால் என்ன கெட்டுப்போகிறது? முதல் நாள் ஒன்றும் கெடாது, சிக்கலே அதுதான். இணையம் வரும், டிவி ஓடும், பணமும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். வெறும் டேட்டா மட்டும் போனால், அதுவும் குறுகிய தூரத்துக்கு என்றால், சமாளித்துக்கொள்ளும். ஆனால் கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. பகலில் கேமரா ஒழுங்காக வேலை செய்யும். இருட்டியதும் இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு விளக்குகள் எரியும், கேமரா இழுக்கும் மின்சாரம் கூடும். கேபிள் நீளமாகவும் மட்டமாகவும் இருந்தால் மறுமுனைக்குப் போதுமான வோல்டேஜ் போய்ச் சேராது. கேமரா அணைந்து அணைந்து எரியும். திருடன் வருகிற நேரம் பார்த்துத் தூங்குகிற காவல்காரன்! என் வீட்டில் வாசல் கேமரா இப்படித்தான் இருந்தது. கேமராவை இரண்டு முறை மாற்றினோம். குற்றவாளி சுவருக்குள் இருந்தான்.

அடுத்தது கேபிளின் முனையைக் கட்டும் வேலை. கொட்டேஷனில் பெரும்பாலும் இதற்கு வரியே இருக்காது, ஆனால் கைத்திறன் தெரிவது இங்கேதான். கேட்-6 கேபிளில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியவை. அந்த முறுக்குதான் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் ஏறாமல் தடுக்கிறது. முனையில் இணைக்கும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது கணக்கு. ஒரு விரல் அகலம்கூடக் கிடையாது. அவசரக்காரர்கள் மூன்று விரல் அகலத்துக்குப் பிரித்து, சௌகரியமாகச் செருகி, நசுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். பிளக்கின் எட்டு இடங்களில் எட்டுக் கம்பிகளையும் ஜோடி மாறாமல் 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக அடுக்கிவிடுவது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் விதிப்படி ஒரு ஜோடி 3, 6 என்ற இடங்களிலும் அதற்கு நடுவே இன்னொரு ஜோடி 4, 5 என்ற இடங்களிலும் வர வேண்டும். வரிசையாக அடுக்கினால் 3-க்கும் 6-க்கும் வெவ்வேறு ஜோடியின் கம்பிகள் போய் உட்காரும், முறுக்கின் பயனே போய்விடும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு முனையிலும் ஒரே மாதிரித் தப்பாகக் கட்டியிருந்தால், கையடக்க டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாகப் பச்சையாக எரியும். கம்பி தொடர்பில் இருக்கிறதா என்று மட்டுமே அந்தக் கருவிக்குத் தெரியும். ஜோடி பிரிந்ததையும் சிக்னலின் தரத்தையும் அளக்க வேறு கருவி வேண்டும், அது விலை அதிகம். நான்கு பக்கக்காரர் "ஒவ்வொரு கேபிளுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்" என்று எழுதியிருந்த தொகையில் அந்தக் கருவியின் வாடகையும் ஒரு நாள் கூலியும் அடங்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அசிங்கமானது. பழைய வீட்டில் இணைய வேகத்தைக் கூட்டி, கூடுதலாகப் பணமும் கட்டினேன். ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் அளந்தால் 94 எம்பிபிஎஸ். மறுநாள் 94. ஒரு மாதம் கழித்தும் 94. இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் எத்தனை பேருடன் சண்டை போட்டிருப்பேன்! அந்த எண்ணே விடை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஜிகாபிட் வேகத்துக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்துபோனால் பல கருவிகள் சத்தம் போடாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி, மிச்சமிருக்கும் மூன்றில் இரண்டு ஜோடிகளை வைத்து ஓட்டிக்கொள்ளும். 100-இல் சில்லறைக் கழிவுகள் போனால் கைக்கு வருவது அந்த 94. சுவர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு பழுப்புக் கம்பி ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அலுமினியம் செம்பு போல வளைந்து கொடுக்காது, ஒடிந்துவிடும். சண்டை போட்ட அத்தனை பேருக்கும் மனதுக்குள் ஒரு மன்னிப்பு.

சுவருக்குள் போகும் பைப் விஷயத்தில் இருவரும் கேட்ட கேள்விகளே வேறு. அரைப் பக்கக்காரர் "எத்தனை பாயின்ட்?" என்று மட்டும் கேட்டார். மற்றவர் "பூச்சு வேலை எப்போது?" என்று ஆரம்பித்தார். பூச்சுக்கு முன் பைப் போகும் வழியைப் படம் எடுத்துக் கொடுப்பேன் என்றார். மின் வயரும் டேட்டா கேபிளும் ஒரே பைப்பில் போகக் கூடாது என்றார். டிவி சுவருக்கு ஒரு காலிப் பைப்பை இழுகயிற்றோடு விட்டுவைக்கச் சொன்னார். ஏனென்றால் டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளின் தரம் சில வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. 2.0 தரம் நொடிக்கு 18 ஜிகாபிட், 2.1 வந்ததும் 48. இன்று பதிக்கும் கேபிள் நாளைய டிவிக்குப் போதாமல் போகலாம், காலிப் பைப் இருந்தால் சுவரை உடைக்காமல் மாற்றலாம். அப்புறம் சுவிட்ச் பெட்டிகளுக்கு நியூட்ரல் வயர் வருகிறதா என்றும் கேட்டார். பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு அது கட்டாயம். பூச்சுக்குப் பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

கேமரா பதிவில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பெருக்கல். அரைப் பக்கத்தில் "ரெக்கார்டர், 1 டிபி" என்று, அதாவது 1000 ஜிபி ஹார்டு டிஸ்க் என்று, போட்டிருந்தது. மற்றவர் "எத்தனை நாள் பதிவு வைத்திருக்க வேண்டும்?" என்றார். ஒரு மாதம் என்றேன். உடனே காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 172. அப்படியானால் 1 டிபி ஆறு நாள்கூடத் தாங்காது, 30 நாளுக்கு 5 டிபிக்கு மேல் வேண்டும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால், போன அன்று நடந்தது அழிந்துபோயிருக்கும். மலிவான கொட்டேஷன் இதில் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்வேர்டு விஷயத்துக்குக் கொட்டேஷனில் இடமே இல்லை, இருவரிடமும் வாயால்தான் கேட்டேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியது. பெரிய தந்திரம் ஒன்றுமில்லை, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் விட்டவர்களின் கேமராக்கள் மாட்டின. அரைப் பக்கக்காரர், "நானே ஒன்று போட்டுவிடுவேன், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி, மறக்காது" என்றார். மற்றவர் முதன்மைக் கணக்கு என் பெயரில்தான் இருக்கும், தன்னுடைய அனுமதியை வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம் என்றார். எனக்கு இந்த ஒரு பதிலே போதுமாக இருந்தது.

சரி, நான்கு பக்கம் என்றால் எல்லாமே நியாயமா? இல்லை. அதில் ஒவ்வொரு மாடிக்கும் சுவரில் பதிக்கும் தொடுதிரை ஒன்று இருந்தது. கையில் போன் இருக்கும்போது அது எதற்கு? அடித்துவிட்டேன். ஸ்மார்ட் சுவிட்சுகளை இயக்க, அவர் மட்டுமே புரோகிராம் செய்யக்கூடிய ஒரு கன்ட்ரோலரும் இருந்தது. அதையும் அடித்தேன். விளக்கின் நேரத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் ஆள் வரவேண்டும் என்றால் அது தரம் அல்ல, கொக்கி. வேலையே சின்னது என்றால், அதாவது டிவியைச் சுவரில் மாட்டுவது, ரௌட்டரை அலமாரியில் வைப்பது, பேட்டரி அழைப்பு மணியை ஒட்டுவது போன்றவற்றுக்கு, குறைந்த விலைக்காரரே போதும், தாராளமாகக் கூப்பிடலாம். தப்பாகப் போனாலும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். வாடகை வீட்டுக்கும் அதேதான். சுவருக்கு வெளியே இருப்பதில் மிச்சம் பிடிக்கலாம், சுவருக்குள் போவதில்தான் பிடிக்கக் கூடாது என்பது என் கணக்கு.

கடைசியில் ஒன்று செய்தேன். நான்கு பக்கத்தில் அடித்தவை போக மீதி வரிகளை அப்படியே எழுதி, தொகை இல்லாமல், அரைப் பக்கக்காரரிடம் கொடுத்தேன். இதே கேபிள், இதே ஹார்டு டிஸ்க், இதே காலிப் பைப்புகள் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி கால்வாசியாகச் சுருங்கியிருந்தது. டெஸ்ட் ரிப்போர்ட் என்ற வரிக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. போன் செய்து கேட்டேன்.

"எல்லாம் வேலை செய்யும் சார், ரிப்போர்ட் எதுக்கு?" என்றார்.

நன்றி சொல்லி வைத்துவிட்டு, மற்றவரிடம் பூச்சு வேலைத் தேதியைச் சொன்னேன்.