வேகமாக ஏறும் சார்ஜ், தாங்கும் பேட்டரி: என்.எம்.சி., எல்.எஃப்.பி., எல்.டி.ஓ. மூன்றில் எது?

மின்ஸ்கூட்டர் விளம்பரங்களில் எத்தனை நிமிடத்தில் 80 சதவீதம் ஏறும் என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த வேகம் என்.எம்.சி., எல்.எஃப்.பி., எல்.டி.ஓ. ஆகிய லித்தியம் அயனி செல் வகைகளில் எதில், எந்த வெப்பநிலையில் கிடைக்கும் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. பாதுகாப்பைத் தீர்மானிப்பதில் இவ்விரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு.

சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டுக் கிளம்பி, இரு முனைகளுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளியைக் கடந்து, எதிர்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. அவை நுழையும் வேகத்தைவிட வந்து சேரும் வேகம் கூடிவிட்டால், மிஞ்சியவை கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படியும். அந்தப் படிவு முதலில் பேட்டரியின் கொள்ளளவைக் குறைக்கும். ஊசிபோல் வளர்ந்து இரு முனைகளுக்கும் இடையிலுள்ள சவ்வைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். குளிரிலும், பேட்டரி நிரம்பும் தறுவாயிலும் இந்த ஆபத்து அதிகம் என்பதால்தான் 80 சதவீதத்துக்குப் பிறகு சார்ஜர் வேகத்தைக் குறைக்கிறது.

இந்த இடத்தில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி.யிலும் சரி, இரும்பு பாஸ்பேட்டால் ஆன எல்.எஃப்.பி.யிலும் சரி, எதிர்முனை பொதுவாக அதே கிராஃபைட்தான். ஆகவே வேகச் சார்ஜிங்கின் ஆபத்து இரண்டிலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. அது எங்கே போய் முடிகிறது என்பதில்தான் வேறுபாடு. முழுதாகச் சார்ஜ் ஆன என்.எம்.சி. செல் சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் நேர்முனைப் பொருள் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. எரியக்கூடிய மின்பகுளியும் அருகிலேயே இருப்பதால் தீக்கு வெளிக்காற்றுகூட அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 1990களின் பிற்பாதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் முன்வைத்த எல்.எஃப்.பி.யிலோ பாஸ்பேட் பிணைப்பு ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சிதைவு பிந்தித் தொடங்குகிறது, வெளிப்படும் வெப்பமும் குறைவு. இதை வைத்து எல்.எஃப்.பி. எரியவே எரியாது என்று கடைகளில் சொன்னால் நம்ப வேண்டாம். அளவுமீறிச் சூடான எல்.எஃப்.பி. செல்லும் ஹைட்ரஜன் மிகுந்த வாயுவைக் கக்கும்; மூடிய அறையில் அது தேங்கினால் வெடிக்கவும் கூடும்.

எல்.எஃப்.பி. மெதுவாகத்தான் ஏறும் என்ற பழைய குறையும் இப்போது பொருந்தாது. சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் பத்து நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறும் எல்.எஃப்.பி. பேட்டரியை 2023 ஆகஸ்டில் அறிவித்தது. 2025 மார்ச்சில் பி.ஒய்.டி. அதை ஐந்து நிமிடமாகக் குறைப்பதாகச் சொன்னது. இவை நிறுவனங்களின் சொந்தக் கணக்குகள் என்றாலும் திசை தெளிவாகவே தெரிகிறது.

மூன்றாவதான எல்.டி.ஓ. சிக்கலை வேரிலேயே தீர்க்கிறது. இதில் கிராஃபைட்டுக்குப் பதிலாக லித்தியம் டைட்டனேட் இருக்கிறது. உலோக லித்தியத்தைவிட அதன் மின்னழுத்தம் சுமார் 1.55 வோல்ட் மேலே நிற்பதால், வேகமாக ஏற்றினாலும் லித்தியம் படிவதற்கு ஏறத்தாழ வாய்ப்பே இல்லை. தோஷிபாவின் எஸ்.சி.ஐ.பி. செல்கள் இந்த வகைதான். சார்ஜ் ஏறி இறங்கும் சுற்றுகள் பல்லாயிரத்தைத் தாங்கக்கூடியவை. ஆனால் அதே காரணத்தால் செல்லின் மின்னழுத்தம் 2.3 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது, எடை கூடுகிறது, விலையும் ஏறுகிறது. 3 கிலோவாட் மணி கொண்ட ஸ்கூட்டர் பேட்டரிக்கு, செல்களின் எடை மட்டும், என்.எம்.சி.யில் ஏறக்குறைய 12 கிலோ, எல்.எஃப்.பி.யில் 19 கிலோ, எல்.டி.ஓ.வில் 37 கிலோ வரும். பேட்டரியைக் கழற்றி மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் செல்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேற்சொன்ன பேட்டரியை 750 வாட் சார்ஜரில் போட்டால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதையே இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டுமானால் மின்னோட்டம் பன்னிரண்டு மடங்கு வேண்டும்; செல்லின் உள் மின்தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், ஒவ்வொரு நொடியும் 144 மடங்கு வெப்பம் பிறக்கும். சென்னையிலும் வேலூரிலும் குளிரால் லித்தியம் படியும் கவலை இல்லை. இந்த வெப்பத்தை எங்கே தள்ளுவது என்பதே கவலை. பல செல்களுக்குச் சார்ஜ் செய்வதற்கான மேல் எல்லை 45 டிகிரி. சித்திரை வெயிலில் ஓடி வந்த வண்டி சார்ஜரை எட்டும்போதே அந்த எல்லையை நெருங்கியிருக்கும்.

மெதுவாக ஏற்றினாலே பாதுகாப்பு வந்துவிடும் என்பதும் சரியல்ல. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல ஊர்களில் நேர்ந்த இத்தகைய விபத்துகளுக்குப் பின், இருசக்கர, மூன்று சக்கர மின்வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. பழைய இருப்பிலிருந்து மலிவாகக் கிடைக்கும் வண்டியை வாங்குபவர்கள் இந்தத் தேதிகளை மனத்தில் கொள்வது நல்லது.

வீட்டில் இரவு முழுவதும் சார்ஜ் போட முடிந்தவருக்கு எல்.எஃப்.பி.யும் மெதுவான சார்ஜரும் போதும் என்பது என் கணிப்பு. வேகத்துக்காக அவர் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. எடை குறைவாக இருந்தே ஆக வேண்டும் என்பவருக்கு என்.எம்.சி. பொருந்தும், ஆனால் வேகச் சார்ஜர் அன்றாடத் தேவை என்றால் பேட்டரியில் முறையான குளிர்விப்பு அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் சில நிமிடங்கள் ஏற்றிக்கொண்டு ஓடும் நகரப் பேருந்துக்கு எல்.டி.ஓ.வின் எடையும் விலையும் கட்டுப்படியாகும். ஆட்டோ ஓட்டுநரின் நிலை இவற்றுக்கு இடைப்பட்டது. 8 கிலோவாட் மணி பேட்டரியை ஒரு மணி நேரத்தில் நிரப்பும் வேகத்தில் ஏற்றினால், மதியச் சாப்பாட்டுக்கு ஒதுங்கும் நாற்பது நிமிடத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். அதைத் தாண்டிய வேகம் அவருக்குத் தேவைப்படாது.